பிஞ்சு ஏன் நிற்கவில்லை: ஒரு வீட்டுத் தோட்டத்துப் பரங்கிக் கொடியின் நிகழ்வு ஆய்வு

கொடி செழிப்பாக ஓடுகிறது. பூவுக்கும் குறைவில்லை. பெண் பூவின் அடியில் குட்டியாக உருண்டு பிஞ்சும் தெரிகிறது. ஆனால் பூ வாடிய சில நாளில் பிஞ்சு வெளிறி, மஞ்சளாகி, நுனியிலிருந்து அழுகி விழுந்துவிடுகிறது. விழுந்ததை அறுத்தால் உள்ளே புழு நெளிகிறது. மஞ்சள் பூசணி என்றும் சொல்லும் பரங்கியை வீட்டில் போட்டவர்களில் பலரிடம் இந்தப் புகார் உண்டு. இங்கே எழுதப்போகும் தோட்டத்தில் அதோடு இன்னொரு வரியும் சேர்ந்திருந்தது. "மருந்து அடிச்சுக்கிட்டேதான் இருக்கேன் தம்பி, அடிக்க அடிக்க அதிகமாத்தான் உதிருது."

கடைசி வரிதான் என்னை நிறுத்தியது. மருந்து பலிக்கவில்லை என்றால் உதிர்வது அப்படியே தொடர வேண்டும். கூடுவதற்கு வேறு ஏதோ காரணம் இருக்க வேண்டும்.

தோட்டமும் மருந்துக் கணக்கும்

தோட்டத்துக்காரர் எனக்கு அக்கா முறை. அக்கா என்றே எழுதிக்கொண்டு போகிறேன். வீட்டின் பின்புறம் ஒரு பக்கம் முழுக்கப் பரங்கி, கொடி தரையில் ஓடுகிறது. வேலியோரம் பந்தலில் பீர்க்கும் சுரையும். போன பருவத்திலும் அதே இடத்தில் பரங்கிதான் போட்டிருந்தார். அப்போது விழுந்த அழுகல் காய்களைத் தோட்டத்தின் மூலையிலேயே குவித்து மக்க விட்டிருக்கிறார்.

மருந்தைப் பொறுத்தவரை, வேப்பெண்ணெயும் சோப்புக் கரைசலும் கலந்து ஒருநாள் விட்டு ஒருநாள் தெளிப்பு. அது போதவில்லை என்று தோன்றியதும், கடையில் கொடுத்த ஊடுருவிப் பாயும் பூச்சிக்கொல்லி ஒன்று, வாரம் ஒருமுறை. எல்லாமே விடிந்ததும், "வெயில் ஏறுறதுக்கு முன்னாடி". இலை, தண்டு, பூ என்று பாகுபாடில்லாமல் கொடி முழுக்க நனையும்படி அடித்திருக்கிறார். இதில் சோம்பேறித்தனம் துளியும் இல்லை. அக்கறையாகச் செய்த வேலை.

இலையில் தெரிந்தவை

புகார் பிஞ்சைப் பற்றியது என்றாலும், அக்கா முதலில் தெளிப்பானைக் கையில் எடுத்தது இலைகளைப் பார்த்துத்தான். அதனால் நாங்களும் அடியிலிருந்து நுனிவரை இலைகளைப் பார்த்துவிட்டே பிஞ்சுக்குப் போனோம்.

அடி இலைகளில் ஒழுங்கில்லாத ஓட்டைகள். காரணம் தேட வேண்டியிருக்கவில்லை. ஆரஞ்சுச் சிவப்பில் பளபளப்பான வண்டுகள் இலைமேலேயே உட்கார்ந்திருந்தன. சிவப்புப் பூசணி வண்டு. ஒரு சென்டிமீட்டருக்கும் குறைவான நீளம். பரங்கிக் குடும்பத்துச் செடிகளில் குக்குர்பிட்டாசின் என்ற கசப்புப் பொருள் இருக்கிறது. மற்ற பூச்சிகள் பலவற்றை விலக்கிவைக்கும் அந்தக் கசப்பே இந்த வண்டை இழுக்கிறது. சில இலைகளில் ஓட்டை விழாமல் வட்டமாக ஒரு கீறல் மட்டும் இருந்தது. வண்டு முதலில் அப்படி ஒரு வட்டம் கீறி, செடியின் சாறு உள்ளே வராமல் அறுத்துவிட்டு, பிறகு நடுவில் இருப்பதை நிதானமாகத் தின்னும். எரிச்சலை ஒரு நிமிடம் ஒதுக்கிவைத்துவிட்டுப் பார்த்தால் கெட்டிக்கார வேலைதான்.

இந்த வண்டு செடியைக் கொல்வது நாற்றுப் பருவத்தில். வித்திலைகள் விரிந்து முதல் இலைகள் வரும் சமயத்தில் நாலைந்து வண்டுகள் சேர்ந்தால் ஒரு நாற்றை மொட்டையாக்கிவிடும். அக்காவின் முதல் விதைப்பு அப்படித்தான் போயிருக்கிறது. இப்போது ஓடுபவை மறுபடி விதைத்தவை. ஆனால் ஓடத் தொடங்கிவிட்ட கொடி, வண்டு தின்பதைவிட வேகமாக இலை விடும். அந்தக் கட்டத்தில் ஓட்டைகளைப் பார்த்து மருந்தடிப்பது மனத் திருப்திக்கு மட்டுமே உதவும். விடிகாலையில் வண்டுகள் மந்தமாக இருக்கும், தட்டினால் உடனே பறக்காது. அப்போது சோப்புத் தண்ணீர் உள்ள டப்பாவை இலைக்கு அடியில் பிடித்துக்கொண்டு தட்டிவிட்டால் போதும்.

வண்டின் வாழ்க்கையில் இன்னொரு பாதி மண்ணுக்குள் நடக்கிறது. முட்டை செடியின் அடியில், ஈர மண்ணில். அதிலிருந்து வரும் வெளிறிய புழு வேரையும், மண்ணுக்குள் இருக்கும் தண்டையும், தரையைத் தொட்டுக் கிடக்கும் காயின் அடிப்பக்கத்தையும் துளைக்கும். அங்கேயே கூட்டுப்புழுவாகி, வண்டாகி வெளியே வரும். இலைமேல் அடிக்கும் மருந்து இந்தப் பாதியைத் தொடுவதில்லை.

இது ஒரு கொடியில் கண்ணெதிரே தெரிந்தது. பரங்கி இலைகள் உச்சி வெயிலில் தொங்குவது இயல்பு, சாயங்காலம் நிமிர்ந்துவிட்டால் கவலையில்லை. ஆனால் ஓரத்துக் கொடி ஒன்று இருட்டின பிறகும் நிமிரவில்லை. அடியைத் தோண்டியதில் வேர் அரித்து அழுகியிருந்தது, பக்கத்து மண்ணில் புழுக்கள். அதைக் காப்பாற்ற வழியில்லை. வேரைச் சுற்றியிருந்த மண்ணோடு சேர்த்துப் பிடுங்கி அப்புறப்படுத்தினோம்.

வட அமெரிக்காவில் இருப்பவர்கள் இதே அறிகுறியைப் பார்த்தால் வேறு இடத்தில் தேட வேண்டும். அங்கே கொடி திடீரென்று சாய்வதற்குப் பெரும்பாலும் தண்டுத் துளைப்பான் என்ற அந்துப்பூச்சியின் புழு காரணம். தண்டின் அடியில் ஈர மரத்தூள் மாதிரி எச்சம் வெளியே தள்ளியிருக்கும். பரங்கி அமெரிக்கக் கண்டங்களில் பிறந்த செடி. அதன் சொந்த ஊர்ப் பகைவர்கள் அங்கேயே தங்கிவிட, ஆசியாவுக்கு வந்ததும் இங்கே சுரை, பீர்க்கு, பாகல் என்று ஏற்கெனவே பிழைத்துக்கொண்டிருந்த வண்டும் ஈயும் இதையும் பிடித்துக்கொண்டன. வலைத்தளத்தில் படித்த வைத்தியம் தன் தோட்டத்தில் பலிக்காததற்குப் பல சமயம் இதுவே காரணம். வேறொரு கண்டத்துப் பூச்சிக்கு எழுதிய வைத்தியமாக இருக்கும்.

அக்காவை அதிகம் பயமுறுத்தியவை இலையில் பாம்பு நெளிந்த மாதிரி வெள்ளைக் கோடுகள். இலைத் துளைப்பான் ஈயின் புழு, இலையின் இரண்டு தோலுக்கும் நடுவில் தின்றுகொண்டே போன பாதை அது. பார்க்கத்தான் பயங்கரம். வளர்ந்த கொடிக்கு அதனால் வரும் சேதம் சொற்பம். அந்தப் புழுவுக்குள்ளேயே முட்டையிட்டு அதைக் கொல்லும் மிகச் சிறிய குளவிகள் தோட்டத்தில் இருக்கும், அவை பார்த்துக்கொள்ளும். மருந்தடித்தால் முதலில் சாவது அந்தக் குளவிகள்தான். புழு இலைக்குள் பத்திரமாக இருக்கும். இதற்காக மருந்தடிப்பதை நான் எங்கே பார்த்தாலும் தடுத்துவிடுவேன்.

சில இலைகளில் நரம்பை மட்டும் விட்டுவிட்டுப் பச்சையைச் சுரண்டியிருந்தது. இலைக்கு அடியில் முள்முள்ளான மஞ்சள் புழு. இது புள்ளி வண்டின் வேலை. அசுவினி என்ற சாறு உறிஞ்சும் சின்னப் பூச்சியைத் தின்னும் நல்ல பொறிவண்டுக்கு இது உறவு, உருவமும் கிட்டத்தட்ட அதேதான். நல்லது பளபளக்கும். இது மெல்லிய ரோமத்தால் மங்கலாக இருக்கும். அந்த இலைகளைக் கிள்ளி நசுக்கியதோடு விஷயம் முடிந்தது.

அசுவினி விவகாரம் அப்படி முடியவில்லை. பந்தல் பக்கத்துக் கொடி ஒன்றில் குருத்து இலைகள் சுருங்கி, வெளிர்பச்சையும் கரும்பச்சையுமாகத் திட்டுத் திட்டாக இருந்தன. தேமல் நோய், வைரஸால் வருவது. அசுவினி ஒரு கொடியில் ஊசி குத்திவிட்டு அடுத்த கொடிக்குப் போய்ச் சில நொடிகள் குத்திப் பார்த்தாலே வைரஸ் மாறிவிடும். மருந்து அசுவினியைக் கொல்லும், ஆனால் அதற்குள் வைரஸ் இறங்கியிருக்கும். நோய் வந்த கொடிக்கு வைத்தியமும் இல்லை. பிடுங்கிப் போடச் சொன்னேன். அக்காவுக்கு மனசே வரவில்லை. "நல்லாத்தானே ஓடுது" என்று இரண்டு மூன்று நாள் தள்ளிப்போட்டு, பக்கத்துக் கொடியின் குருத்திலும் ஒரு இலை சுருங்கியதைப் பார்த்த பிறகுதான் பிடுங்கினார்.

இலைமேல் நரம்போரமாக வெள்ளி பூசிய மாதிரி திட்டு இருந்தால் அதை நோயாக எண்ண வேண்டாம் என்பதையும் சொல்லிவைக்கிறேன். சில பரங்கி வகைகளுக்கு அது பிறவி அழகு. சாம்பல் நோய் என்றால் விரலால் தேய்த்தால் மாவு ஒட்டும்.

அறுத்துப் பார்த்தது

இனி பிஞ்சு. விழுந்தவற்றோடு, விழப்போகும் நிலையில் கொடியிலேயே மஞ்சளாகத் தொங்கியவற்றையும் சேர்த்துப் பறித்து, ஒவ்வொன்றாக அறுத்துப் பார்த்தோம். கொடியில் இருப்பதைப் பறித்ததுதான் முக்கியம். தரையில் கிடந்து அழுகியதை மட்டும் அறுத்தால் எல்லாவற்றிலும் புழு இருக்கும், எதுவும் விளங்காது.

ஒரு வகைப் பிஞ்சில் தோலில் குத்தின தடம் எதுவும் இல்லை. பூ இருந்த நுனியிலிருந்து சுருங்கிக்கொண்டே வந்திருந்தது. உள்ளே புழு இல்லை. விதை இருக்க வேண்டிய இடத்தில் எதுவும் திரளவில்லை. பூ விரிந்த அன்று இருந்த அளவிலேயே நின்றுவிட்ட பிஞ்சு இது.

இன்னொரு வகையில் பிஞ்சு ஓரளவு பருத்திருந்தது, ஆனால் ஒரு பக்கம் கோணல். தோலில் ஊசிமுனைத் தடமும் அதிலிருந்து கசிந்து பழுப்பாக உறைந்த பிசின் துளியும். அந்த இடத்தைச் சீவினால் உள்ளே பழுப்பாக ஒரு வழி போகிறது, அதன் முடிவில் வெளிறிய, காலில்லாத புழுக்கள். முற்றின புழு உடம்பை வில்லாக வளைத்துத் துள்ளிக் குதித்தது. பழ ஈயின் புழுவுக்கு உள்ள அடையாளம் அது.

மூன்றாவது வகை முழுக்க அழுகியது. புழு நிறைய இருந்தது. ஆனால் எதனால் செத்தது என்று சொல்ல முடியாத நிலை. பழ ஈ இளம்பிஞ்சிலும் பூவிலும்கூட முட்டையிடும். ஏற்கெனவே சாகத் தொடங்கிய பிஞ்சையும் அது விடாது. அழுகிய பிறகு வேறு சின்ன ஈக்களும் வந்து முட்டை வைக்கும். ஆக, அழுகிய பிஞ்சுக்குள் புழு இருப்பதால் புழுதான் கொன்றது என்று ஆகிவிடாது. அக்கா இதுநாள் வரை பார்த்தது இந்த மூன்றாவது வகையை மட்டும்.

கொடியிலிருந்து பறித்தவற்றில் பாதிக்கு மேல் முதல் வகை. நுனியில் கறுப்பாக, தோல் போல் உள்வாங்கிய திட்டுடன் ஒன்றிரண்டும் இருந்தன. அது தண்ணீர் ஒருநாள் வெள்ளமும் ஒருநாள் வறட்சியுமாகப் போவதால் சுண்ணாம்புச் சத்து காய்க்கு எட்டாமல் வரும் அழுகல். எண்ணிக்கையில் குறைவு என்பதால் அதை விட்டுவிட்டோம்.

முதல் வகை ஏன் இவ்வளவு? பரங்கியில் ஆண் பூ வேறு, பெண் பூ வேறு. விடியும்போது விரிந்து, உச்சிவெயிலுக்குள் மூடிக்கொள்ளும், மறுநாள் விரியாது. மகரந்தம் பிசுபிசுப்பாக, கனமாக இருக்கும். காற்று அதைத் தூக்கிப்போகாது. தேனீயோ வேறு பூச்சியோ ஆண் பூவிலிருந்து பெண் பூவுக்குப் போயாக வேண்டும், அதுவும் அந்த ஒரு காலையில், பல முறை. போகவில்லை என்றால் பிஞ்சு வளராது. கொடி அதை உதறிவிடும்.

இந்தத் தோட்டத்தில் அந்த ஒரு காலையில்தான் மருந்து விழுந்துகொண்டிருந்தது. வேப்பெண்ணெய் சாதுவான மருந்து என்று பெயர். உண்மைதான், தின்னும் பூச்சிக்குப் பசியைக் கெடுத்து வளர்ச்சியைத் தடுக்கும் வகை அது. ஆனால் எண்ணெயும் சோப்பும் நேரே தேனீ மேல் பட்டால் அது பிழைக்காது. நனைந்த மகரந்தமும் கெட்டுப்போகும். ஊடுருவிப் பாயும் மருந்து விவகாரம் இன்னும் மோசம். செடிக்குள் போய்ப் பூவின் தேனிலும் மகரந்தத்திலும் ஏறிவிடும், தெளித்த நாள் முடிந்த பிறகும். மருந்தடிக்காத ஒரு காலையில் கொடிகளுக்கு நடுவே உட்கார்ந்து பார்த்தபோதும் பூக்கள் கிட்டத்தட்டக் காலியாகவே இருந்தன.

அதிகமாக உதிர்ந்ததால் அதிகமாக மருந்து, அதிகமாக மருந்தடித்ததால் அதிகமாக உதிர்வு. அக்காவின் புகாரில் இருந்த அந்தக் கடைசி வரிக்கு விடை இதுவாக இருக்கலாம் என்று தோன்றியது. ஆனால் பழ ஈயும் நிஜமாகவே இருந்தது. எது எவ்வளவு என்று பிரித்துப் பார்க்காமல் அக்காவிடம் மருந்தை நிறுத்தச் சொன்னால் அவர் கேட்டிருக்க மாட்டார். நியாயம்தான்.

நான்கு நிற நூல்

முதல் நாள் சாயங்காலமே நாளைக்கு விரியப்போகும் பெண் மொட்டுகளை அடையாளம் கண்டுவிடலாம். நுனி மஞ்சள் ஏறியிருக்கும். அப்படிப்பட்டவற்றின் காம்பில் நான்கு நிறத்தில் நூல் கட்டினோம். மருந்து முழு நிறுத்தம்.

சிவப்பு நூல் கட்டியவற்றுக்குக் காலையில் நாமே மகரந்தம் தொட்டுவிட்டு, பிஞ்சைத் துணிப்பையால் மூடினோம். நீலத்துக்கு மகரந்தம் உண்டு, பை இல்லை. வெள்ளைக்கு மகரந்தம் கையால் கிடையாது, தேனீ வந்தால் வரட்டும், பூ மூடிய பிறகு பை. பச்சைக்கு எதுவுமே இல்லை. கையால் மகரந்தம் தொடுவது எளிது. அன்று விரிந்த ஆண் பூவைப் பறித்து, இதழ்களைக் கிழித்துவிட்டு, நடுத்தண்டைப் பெண் பூவின் நடுவில் இருக்கும் சூல்முடியில் எல்லாப் பக்கமும் படும்படி தடவ வேண்டும். காலை நேரம் தவறினால் மகரந்தம் வீரியம் இழந்துவிடும்.

சிவப்பு நூல் பிஞ்சுகளில் பெரும்பாலானவை நின்றன. ஒரே கொடியில் முன்னும் பின்னுமாக நின்ற சிலவற்றில் ஒன்றைக் கொடியே உதிர்த்தது. தாங்க முடிந்ததை வைத்துக்கொண்டு மிச்சத்தை விடுவது பரங்கிக்கு வழக்கம். வெள்ளை நூல் பிஞ்சுகள் பைக்குள்ளேயே மஞ்சளாகிச் சுருங்கின. அறுத்தால் புழு இல்லை. பழ ஈ தொடாத பிஞ்சு, ஆனாலும் போய்விட்டது. நீலம் நன்றாகத் திரண்டு, பிறகு ஒவ்வொன்றாகப் பிசின் துளியோடு கோணிக்கொண்டது. பச்சை பழைய கதை, அழுகலும் புழுவும்.

பை அவிழ்த்து, சுருங்கிப்போன வெள்ளை நூல் பிஞ்சை அக்காவிடம் கொடுத்தேன். அவரே அறுத்துப் பார்த்துவிட்டு, "புழுவே இல்லையே, அப்புறம் எதுக்கு விழுந்துச்சு?" என்றார். நான் விளக்க வேண்டியது பாதி குறைந்தது.

ஒரே ஒரு தோட்டம், கொஞ்சப் பூக்கள். இதை வைத்து எல்லாத் தோட்டத்துக்கும் விகிதம் சொல்ல முடியாது. ஆனால் இந்தத் தோட்டத்தில் இரண்டு காரணமும் தனித்தனியாக வேலை செய்கின்றன, ஒன்றைச் சரிசெய்து மற்றதை விட்டால் காய் நிற்காது என்பது தெளிவாகிவிட்டது. நூலும் பையும் தவிர வேறு செலவில்லாத சோதனை என்பதால் யாரும் செய்து பார்க்கலாம்.

பழ ஈயிடம் எடுபட்டதும் எடுபடாததும்

பழ ஈ ஏன் தெளிப்புக்கு அடங்கவில்லை என்பதற்கு அதன் பழக்கத்தைப் பார்த்தால் போதும். முட்டை தோலுக்கு அடியில், புழு காய்க்குள், கூட்டுப்புழு மண்ணுக்குள் சில சென்டிமீட்டர் ஆழத்தில். வெளியே இருக்கும் ஈயும் கொடியில் தங்குவதில்லை. சுற்றியிருக்கும் புதரிலும் உயரமான செடிகளிலும் ஓய்வெடுத்துவிட்டு, முட்டையிட மட்டும் கொடிக்கு வரும். கொடியை நனைத்தால் ஈ நனைவதில்லை.

அக்கா ஏற்கெனவே ஒரு பொறியும் தொங்கவிட்டிருந்தார், அதில் ஈக்கள் நிறையவே செத்துக் கிடந்தன. "பாரு, எவ்வளவு விழுந்திருக்கு" என்று அவருக்கு அதில் ஒரு திருப்தி. கவர்ச்சிப் பொருள் மீத்தைல் யூஜினால். அது மா, கொய்யா போன்ற பழங்களைத் தாக்கும் ஈயின் ஆண்களை இழுக்கும். பரங்கிக் குடும்பத்தைத் தாக்கும் ஈ வேறு இனம், அதன் ஆண்களை இழுப்பது க்யூ லூர் என்ற வேறொரு பொருள். பொறி வாங்கும்போது இந்த ஒரு பெயரைப் பார்த்து வாங்காவிட்டால், பொறி நிறைய ஈ இருக்கும், காயிலும் புழு இருக்கும். சரியான கவர்ச்சிப் பொருள் வைத்தாலும் விழுவது ஆண் ஈ மட்டும்தான். சிறிய தோட்டத்தில் அது ஈ எப்போது பெருகுகிறது என்று தெரிந்துகொள்ள உதவும், காயைக் காப்பாற்றும் என்று நம்பக் கூடாது. முட்டை முதிரப் பெண் ஈக்குப் புரதம் தேவை என்பதால், ஊறவைத்த கருவாட்டுத்தூள் வைத்த பொறிக்குப் பெண் ஈயும் வரும். நாற்றத்தைப் பொறுத்துக்கொள்வோர் வேலியோரம் வைத்துப் பார்க்கலாம். அக்கா வேண்டாம் என்றுவிட்டார்.

வேலை செய்தது பை. மகரந்தம் சேர்ந்து பிஞ்சு பருக்கத் தொடங்கியதும், ஓரிரு நாளுக்குள் மூட வேண்டும். தள்ளிப்போட்டால் ஈ முந்திக்கொள்ளும். நெருக்கமான நெய்த்துணி நல்லது. கொசுவலைத் துணி என்றால் பிஞ்சை ஒட்டி இறுக்கிக் கட்டக் கூடாது, வலை காயைத் தொடும் இடத்தில் ஈ வெளியிலிருந்தே குத்தும். கொஞ்சம் தளர்வாக, காம்புப் பக்கம் இடைவெளி இல்லாமல். தோல் நகத்துக்கு இறங்காத அளவு கெட்டியான பிறகு பையை அவிழ்த்துவிட்டோம். காயை மண்ணில் படாமல் வைக்கோல்மேல் தூக்கிவைத்தது வண்டுப் புழுவுக்காக.

அடுத்தது மூலைக் குவியல். அழுகல் காயிலிருந்து முற்றின புழு துள்ளி வெளியேறி மண்ணுக்குள் போய், சில வாரங்களில் ஈயாக வரும். அக்காவின் குவியல் இரண்டு பருவமாக ஈயை வளர்த்துக்கொண்டிருந்தது. விழுந்த காயை அன்றன்றே பொறுக்கித் தடித்த பாலித்தீன் பையில் கட்டி வெயிலில் போட்டோம், உள்ளே புழு வெந்துவிடும். புதைப்பதென்றால் அரை மீட்டருக்குக் குறையாத ஆழம் வேண்டும். ஹவாயில் இதையே இன்னும் நுட்பமாகச் செய்திருக்கிறார்கள். அழுகல் காய்களை ஒரு கூடாரத்துக்குள் போடுகிறார்கள், அதன் வலைக்கண் ஈ வெளியேற முடியாத அளவில், ஈயின் எதிரியான சின்னக் குளவி மட்டும் வெளியே போகும் அளவில் இருக்கும்.

ஈயை அடியோடு ஒழிக்க முடியாதா என்று அக்கா கேட்டார். ஒழித்த இடம் உண்டு. ஜப்பானின் ஒகினாவா தீவுகளில், மலடாக்கிய ஈக்களைப் பல ஆண்டுகள் தொடர்ந்து பெருமளவில் வளர்த்துப் பறக்கவிட்டு, 1993-இல் இந்த ஈயை முழுவதுமாக ஒழித்தார்கள். அரசு எடுத்துச் செய்த வேலை, அதுவும் கடல் சூழ்ந்த தீவு. வேலிக்கு அந்தப் பக்கம் இன்னொருவர் சுரை போட்டிருக்கும் இடத்தில், ஈ இருக்கும்; நம் காயை அதற்கு எட்டாமல் வைக்கலாம், அவ்வளவுதான்.

பருவ முடிவில்

ஊடுருவும் மருந்து அதன்பிறகு இல்லை. வேப்பெண்ணெய் அசுவினிக்காக மட்டும், லிட்டருக்கு 5 மில்லி, பூ மூடி வெயில் தாழ்ந்த பிறகு, இலையின் அடிப்பக்கத்தில். முதலில் ஓரிரு இலையில் தெளித்துப் பார்த்து, கருகவில்லை என்று தெரிந்த பிறகு. பரங்கிக் குடும்பத்து இலைகள் மென்மையானவை. கந்தகத் தூள் மாதிரியானவற்றைச் சாம்பல் நோய்க்கென்று போட்டு வெயிலில் இலையைக் கருக்கிக்கொண்டவர்கள் உண்டு.

மருந்தை நிறுத்திய உடனே தேனீ திரும்பவில்லை. முதல் சில வாரம் கையால் மகரந்தம் தொட்டதுதான் காயாக நின்றது. பிறகு மெல்ல வரத் தொடங்கின, பீர்க்கம்பூவில் முதலில், அப்புறம் பரங்கியில். அதற்குப் பின் பையை மட்டும் தொடர்ந்தோம். பை போட்டவை பெரும்பாலும் முற்றின. இலை மறைவில் கண்ணில் படாமல் பை போட விட்டுப்போனவற்றில் ஈ தன் பங்கை எடுத்துக்கொண்டது. சிவப்பு வண்டு கடைசிவரை இருந்தது, இலைகளில் ஓட்டையும் இருந்தது, காய் எண்ணிக்கைக்கும் அதற்கும் சம்பந்தம் இருப்பதாகத் தெரியவில்லை. தேமல் இரண்டாவது கொடியையும் எடுத்துக்கொண்டது. முதலாவதை உடனே பிடுங்கியிருந்தால் தப்பியிருக்குமா என்பது இப்போது சொல்ல முடியாத விஷயம்.

கொடி காய்ந்ததும் வேரோடு எடுத்துவிட்டு, அந்த இடத்து மண்ணைக் கிளறி வெயில் படப் போட்டாயிற்று. மேலே வரும் கூட்டுப்புழுக்களைப் பறவைகளும் எறும்பும் எடுத்துக்கொள்ளும். அங்கே அடுத்த பருவம் வெண்டையும் கீரையும். பரங்கி எதிர்ப்பக்கத்துக்குப் போகிறது. சில அடி தள்ளிப்போனால் பறக்கும் வண்டுக்கு அது தூரமே இல்லை. ஆனால் இடம் மாற்றுவதற்குக் காரணம் வலை. நாற்றுகளை வண்டிடமிருந்து காக்க நெருக்கமான வலையால் மூடப் போகிறார் அக்கா. பழைய மண்ணின் மேல் வலையைப் போட்டால், உள்ளேயிருந்து கிளம்பும் வண்டு வலைக்குள்ளேயே நாற்றோடு மாட்டிக்கொண்டு சாவகாசமாகத் தின்னும். புதிய மண்ணில் அந்தப் பயம் இல்லை. வலையின் ஓரத்தை மண்ணுக்குள் புதைக்க வேண்டும், முதல் பெண் மொட்டு தெரிந்ததும் எடுத்துவிட வேண்டும்.